டேனரி கழிவுநீர் லைனுக்கு சொந்த வயர்லெஸ் மெஷ்: லைசென்ஸ் அலைவரிசையையும் லைசென்ஸ் தேவைப்படாததையும் சேர்த்து ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா?

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் ஒரு பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பாதி சொன்னால் பாதி பதில்தான் கிடைக்கும்.

38 டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், தண்ணீர் எங்களிடம் வருகிறது. ஒவ்வொரு டேனரி வாசலிலும் ஒரு ஃப்ளோ மீட்டர். பாலாற்றை ஒட்டி சுமார் 6 கிலோமீட்டருக்குள் 5 பம்பிங் ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சேகரிப்புக் கிணறு, லெவல் சென்சார், ஒரு கேமரா, அப்புறம் கிணற்று வாயில் ஒரு கேஸ் டிடெக்டர். கேஸ் டிடெக்டர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தோலில் முடி கழிய சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள், அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் அமிலத் தண்ணீரோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்து வாடையே தெரியாது, வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் மேலே வருவதில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படித்தான் போனார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஒப்பந்தக்காரர் 5 கிகாஹெர்ட்ஸில் மெஷ், அதாவது ஒரு ரேடியோ வாங்கியதை அடுத்ததற்குக் கடத்தும் வயர்லெஸ் வலை, போட்டுக் கொடுத்தார். மே மாதம் போட்டது, வெயிலில் அருமையாக ஓடியது. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் கேமரா படம் உறைவதும் ஸ்டேஷன்கள் திரையில் சிவப்பாவதும் வாடிக்கையாகிவிட்டது. நவம்பரில் ஒரு நாள் இரவு நாலாவது ஸ்டேஷனில் 2.10-க்கு கேஸ் அலாரம் வந்திருக்கிறது, கன்ட்ரோல் ரூம் திரையில் அது தெரிந்தபோது மணி 2.21. பதினொரு நிமிடம். கிணற்றில் அன்று யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது இன்னொரு கம்பெனி வந்து, லைசென்ஸ் இல்லாத அலைவரிசையில் எதையும் நம்பக்கூடாது, மொத்தத்தையும் பிரைவேட் 5ஜிக்கு மாற்றுங்கள் என்று ஒரு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. தொகையைப் பார்த்து மேனேஜ்மென்ட் என்னைப் பார்க்கிறது. இரண்டையும் கலந்து ஓட்ட முடியும் என்று படித்தேன். நடைமுறையில் எதை எதில் விடுவது, யார் முடிவெடுப்பது, சட்டம் எவ்வளவு தூரம் விடுகிறது? செய்தவர்கள் சொல்லுங்கள்.


காட்பாடி கோபுரம் எழுதியது:

பதினைந்து வருடமாக டவர் ஏறுகிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 5ஜி கொட்டேஷனை ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். "மழையில் போகிறது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. 5 கிகாஹெர்ட்ஸை இரண்டு கிலோமீட்டரில் மழைத்துளி ஒன்றும் செய்துவிடாது, அந்தக் கவலையெல்லாம் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. மழைக்குப் பிறகு வளர்வதுதான் பிரச்சினை. பாலாற்றுக்குள் சீமைக்கருவேலமும் நாணலும் மே மாதம் எப்படி இருக்கும், கார்த்திகையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஈர இலை 5 கிகாஹெர்ட்ஸை அப்படியே குடித்துவிடும்.

கண்ணுக்கு எதிர் ஆண்டெனா தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவில் அலை ஒரு வெள்ளரிக்காய் வடிவத்தில் உப்பிக்கொண்டு போகிறது, ஃப்ரெனல் மண்டலம் என்பது அதுதான். 2 கிலோமீட்டர் ஹாப்புக்கு, அதாவது ஒரு ஆண்டெனாவில் இருந்து அடுத்ததற்குத் தாவும் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியில் அதன் ஆரம் சுமார் 5 மீட்டர், அதில் 60 சதவீதம், அதாவது 3 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மே மாதம் மரத்துக்கு மேலே ஒரு மீட்டர் இடைவெளியில் ஒப்பந்தக்காரர் மாஸ்ட் நட்டிருந்தால் ஐப்பசியில் அது போகத்தான் செய்யும்.

அடுத்தது பவர். 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் வேண்டாம் என்று 2018-ல் அறிவித்தார்கள், ஆனால் ஆண்டெனாவில் இருந்து கிளம்பும் மொத்த சக்தி 36 டிபிஎம், அதாவது 4 வாட்டைத் தாண்டக்கூடாது. 23 டிபிஐ (அலையை ஒரு பக்கமாகக் குவித்து 23 கூட்டும்) ஆண்டெனா மாட்டினால் ரேடியோவை 13 டிபிஎம்முக்கு இறக்க வேண்டும். சிக்னல் குறைந்தால் பவரை ஏற்றிவிடும் பழக்கம் நம் தொழிலில் நிறைய பேருக்கு இருக்கிறது. ஒருவர் ஏற்றினால் பக்கத்தில் இருப்பவரும் ஏற்றுவார், கடைசியில் ஒருவருக்கும் கேட்காது.

மூன்றாவது, ஒரே ரேடியோவில் சங்கிலி போட்டிருக்கிறார்களா? ஒரு ரேடியோ ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. வாங்கிய பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப அதே சேனலில் மறுபடி நேரம் வேண்டும், அதனால் ஹாப்புக்கு ஹாப் வேகம் சரியும். மூன்றாவது ஹாப்பில் கேமரா உறைந்தால் அதில் ஆச்சரியமே இல்லை. முதுகெலும்புக்கு ஒரு ரேடியோ, டேனரிகளைப் பிடிக்க வேறு சேனலில் இன்னொன்று, இப்படிப் பிரித்தால்தான் மூச்சுவிடும்.

நீங்கள் எனக்குத் தர வேண்டியது: ஒவ்வொரு ஹாப்பின் தூரம், இன்றைய சிக்னல் அளவு, ஈதர்நெட் போர்ட் எந்த வேகத்தில் நிற்கிறது. இன்னொன்று, இதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் ஸ்காடா, அதாவது கன்ட்ரோல் ரூமில் எல்லாவற்றையும் கண்காணிக்கும் கணினி, கேட்டால்தான் ஸ்டேஷன் சொல்லுமா, இல்லை அலாரம் வந்தால் ஸ்டேஷன் தானாகச் சொல்லுமா? பதினொரு நிமிடம் என்பது ரேடியோ தாமதம் மாதிரித் தெரியவில்லை. ரேடியோ கெட்டால் மில்லிசெகண்டில் கெடும், இல்லாவிட்டால் வராமலே போகும். நிமிடக் கணக்கில் தாமதிப்பது வேறு எதுவோ.


ராணிப்பேட்டை ரிலே எழுதியது:

கோபுரம் அண்ணன் சொன்னது சரி. நான் லைசென்ஸ் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், அதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

"பிரைவேட் 5ஜி" என்று கொட்டேஷனில் போட்டிருந்தால் முதல் கேள்வி: அலைவரிசை யாருடையது? 2022 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை சிஎன்பிஎன் என்ற பெயரில் நிறுவனங்களின் சொந்த நெட்வொர்க்குக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அப்போது சொன்னது: விண்ணப்பக் கட்டணம் 50,000 ரூபாய், நுழைவுக் கட்டணம் இல்லை, 10 வருட லைசென்ஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசிடம் இருந்து நேரடியாக அலைவரிசை கேட்க வேண்டும் என்றால் நிறுவனத்தின் நிகர மதிப்பு 100 கோடிக்கு மேல் இருக்க வேண்டும் என்று, யாருக்குத் தேவை என்று அறியத் துறை நடத்திய கணக்கெடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். டேனரிகள் கூட்டாக நடத்தும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அந்தக் கதவு கிடையாது. மிச்சம் இருப்பது மொபைல் ஆபரேட்டர் வழிதான். அவர்கள் தங்கள் அலைவரிசையில் உங்களுக்குத் தனியாக ஒரு நெட்வொர்க் கட்டித் தரலாம், பொது நெட்வொர்க்கிலேயே ஒரு பகுதியைப் பிரித்துத் தரலாம், இல்லை அலைவரிசையைக் குத்தகைக்கு விடலாம். கொட்டேஷன் கொடுத்த கம்பெனி இந்த மூன்றில் எது என்று எழுத்தில் சொல்லாவிட்டால் மேற்கொண்டு பேசாதீர்கள்.

படித்தேன் என்று சொன்னீர்களே, அது பெரும்பாலும் அமெரிக்கக் கட்டுரையாக இருக்கும். அங்கே 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை சிபிஆர்எஸ் என்று ஒரு ஏற்பாடு. கடற்படை ரேடார் முதல் உரிமை, ஏலத்தில் எடுத்தவர்கள் அடுத்தது, மிச்சம் கிடக்கும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். யாருக்கு எப்போது எந்த சேனல் என்று ஒரு கணினி அமைப்பு உட்கார்ந்து பங்கிட்டுக் கொடுக்கிறது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுகிற மாதிரி. 2020-ல் அதற்கு நடந்த ஏலத்தில் 458 கோடி டாலர் வந்தது. கலப்பு நெட்வொர்க் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே 3300 முதல் 3670 வரை 2022 ஏலத்தில் ஆபரேட்டர்களுக்குப் போய்விட்டது. ஆகவே இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அந்த அமெரிக்கப் பெட்டியை வாங்கி மாட்டினால் நேராக இங்குள்ள 5ஜி மேலேயே போய் விழுவீர்கள். அதே கதைதான் 902 முதல் 928 வரை ஓடும் அமெரிக்க லோரா (சின்ன அளவீடுகளைக் குறைந்த பவரில் வெகுதூரம் அனுப்பும் ரேடியோ) பெட்டிக்கும்: அதில் 915 வரை இங்கே மொபைல் ஃபோன்கள் டவரோடு பேசும் இடம். பெட்டி எதுவானாலும் டபிள்யூபிசி, அதாவது தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவு, கொடுக்கும் வகை அனுமதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லைசென்ஸ் அலைவரிசையின் அருமை வேகத்தில் இல்லை, இரண்டு விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, வேறு யாராவது உள்ளே வந்தால் வெளியே போ என்று சொல்லச் சட்டம் உண்டு. லைசென்ஸ் இல்லாத இடத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபம் புதிதாக ஒரு வைஃபை மாட்டினாலும் நீங்கள் கேட்க முடியாது. இரண்டு, எல்டிஇ என்கிற 4ஜியிலும் 5ஜியிலும் எந்தக் கருவி எப்போது பேச வேண்டும் என்று பேஸ் ஸ்டேஷன் சொல்கிறது. வைஃபையில் ஒவ்வொருவரும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சும்மா இருப்பதாகத் தோன்றினால் பேசுகிறார்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பேசுவது இவனுக்குக் கேட்காது, இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி இரண்டும் நாசமாகும். நம் பக்கத்துக் கல்மலைகளுக்கு நடுவில் இது தினசரி நடப்பது.

லைசென்ஸ் அலைவரிசை வேண்டும் என்றால் நீங்களே வாங்க வேண்டும் என்றில்லை. ஒரு எம்டுஎம் சிம் (கருவிகளுக்கான சிம்) போட்ட மோடமும் லைசென்ஸ் அலைவரிசைதான், லைசென்ஸ் ஆபரேட்டர் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். 5 ஸ்டேஷனுக்கு 10 சிம், இரண்டு ஆபரேட்டர். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: இரண்டு ஆபரேட்டரும் ஒரே டவரில் ஏறி, ஒரே ஃபைபரில் தொங்கிக்கொண்டு இருப்பார்கள். நேரில் போய்ப் பாருங்கள், அந்த டவரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அங்கே வேலை செய்கிறவரிடமே கேளுங்கள். புயல் நாளில் கரண்ட் போய் சாயங்காலத்துக்குள் ஃபோன் செத்துப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.


ஜவ்வாதுமலை அடிவாரம் எழுதியது:

நான் விவசாயப் பக்கம். கிணற்று நீர்மட்டமும் மழையளவும் பார்க்க 40 சென்சார் போட்டு லோராவில் ஓட்டுகிறேன், 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், லைசென்ஸ் வேண்டாம், 1 வாட் ரேடியோ. உங்கள் ஃப்ளோ மீட்டர்களுக்கு இது போதும் சார். ஒரு அளவீடு 20 பைட் இருக்குமா? அதற்கு எதற்கு 5ஜி, எதற்கு 5 கிகாஹெர்ட்ஸ்? தென்னந்தோப்பு, புதர் எல்லாம் தாண்டி 866 போகும். ஃப்ரெனல் ஆரம் அதற்குப் பெரிதுதான், இருந்தாலும் இலையில் செத்துப்போகாது, வளைந்து நெளிந்து வந்து சேரும்.

ஆனால் நான் பட்ட கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சென்சாரையும் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்ப வைத்தேன். எஸ்எஃப் 10 என்ற மெதுவான வேக அமைப்பில் 20 பைட் அனுப்ப சுமார் 0.37 நொடி ஆகும். உங்கள் 38 மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், நிமிடத்தில் 14 நொடி காற்றில் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார். மிச்சம் 46 நொடி சும்மா கிடக்கிறதே என்று தோன்றும், ஆனால் யாரும் யாரையும் கேட்காமல் பேசுகிற முறை இது. ஒரே சேனலில் விட்டால் கணக்குப்படி 100-ல் 37 மோதி அழியும். மூன்று சேனலில் பரப்பி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் 100-ல் 3 ஆக இறங்கும். எனக்கு இது புரிய ஒரு போகம் முழுக்கப் போய்விட்டது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்றைக் கழற்றி வேலூர் வரைக்கும் எடுத்துப் போனேன், மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.

அதோடு மீட்டரில் நேரத்தோடு பதிவு சேரட்டும், போகாததை மறுபடி அனுப்பட்டும். ஃப்ளோ கணக்கு பத்து நிமிடம் பிந்தி வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, விட்டுப்போனால்தான் பிரச்சினை. கேஸ் அலாரத்தை மட்டும் லோராவில் தனியாக நம்பி விடாதீர்கள், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.


பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் அலைந்தேன், இப்போது விவரமாகச் சொல்ல முடியும்.

மோசமான ஹாப் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், ஆற்றைக் குறுக்கே கடப்பது, தூரம் 2 கிலோமீட்டர். ஆண்டெனா 23 டிபிஐ, பவர் 13 டிபிஎம்மில்தான் இருந்தது, அதில் ஒப்பந்தக்காரர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். கணக்குப்படி சிக்னல் மைனஸ் 55 டிபிஎம் வர வேண்டும், இன்று அதைவிட ரொம்ப பலவீனமாக மைனஸ் 74. மாஸ்ட் மேலே ஏறிப் பார்த்தேன். எதிர் ஸ்டேஷனின் மஞ்சள் சுவர் தெரிகிறது, ஆண்டெனா கருவேலத்து உச்சியில் பாதி மறைந்து நிற்கிறது. அண்ணன் சொன்ன வெள்ளரிக்காய் பாதி இலைக்குள் கிடக்கிறது.

மற்ற ஹாப்புகள் பரவாயில்லை. ஆனால் இரண்டாவது ஸ்டேஷனில் வேறொன்று கிடைத்தது. அங்கே 16 டேனரிகளைப் பிடிக்கும் ரேடியோ தனியாக இருக்கிறது. அதன் போர்ட் 100 எம்பியில் இல்லை, 10-ல் நிற்கிறது, அதுவும் அடிக்கடி விழுந்து விழுந்து எழுந்துகொள்கிறது. கேபிளைக் கழற்றினேன். ஆர்ஜே 45 முனையில் எட்டு பின்னும் கண்மை பூசியது போலக் கருத்துக் கிடக்கிறது. துடைத்தால் விரலில் ஒட்டவில்லை, உலோகமே கருத்துவிட்டது. கிணற்று வாய்க்கு நேர் மேலே பெட்டி, மூடியில் ரப்பர் கிடையாது. நாங்கள் எந்த வாயுவைப் பிடிக்க டிடெக்டர் வைத்தோமோ அதே வாயு கேபிளைத் தின்றிருக்கிறது.

அண்ணன் கேட்ட ஸ்காடா கேள்விக்கு வருகிறேன். எங்களுடையது கேட்டால்தான் சொல்லும். 38 மீட்டர், 5 ஸ்டேஷன், 43 கருவியையும் வரிசையாக ஒவ்வொன்றாகக் கேட்கும். பதில் வராவிட்டால் 10 நொடி காத்திருந்து இன்னும் மூன்று முறை கேட்கும், ஆக ஒரு செத்த கருவிக்கு 40 நொடி. அன்று இரவு லாக்கை எடுத்துப் பார்த்தேன். அந்த 16 டேனரிகளும் பதில் சொல்லவில்லை. 16 தரம் 40 நொடி, 640 நொடி, பத்து நிமிடம் நாற்பது நொடி. நாலாவது ஸ்டேஷனின் லிங்க் அந்த நேரத்தில் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அலாரம் அங்கே தயாராக உட்கார்ந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் வரவில்லை.

லாக்கை மூடிவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மொத்தத்தையும் 5ஜிக்கு மாற்றியிருந்தாலும் இந்தப் பின் கருத்திருக்கும், இந்த வரிசை அப்படியே நின்றிருக்கும், அலாரமும் 2.21-க்குத்தான் வந்திருக்கும்.


காட்பாடி கோபுரம் எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன், இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

பெட்டியைக் கிணற்று வாயை விட்டு விலக்கி, காற்று எந்தத் திசையில் இருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக நகர்த்துங்கள், ரப்பர் மூடி, கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கி அடைக்கும் கிளாண்ட், ஆண்டெனா முனைகளுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பின் நிறத்தைப் பார்ப்பது பராமரிப்புப் பட்டியலில் ஏறட்டும். ஆற்றுக்குள் மரத்தை வெட்டப் போகாதீர்கள், அனுமதி வாங்குவதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும். இரண்டு பக்கமும் மாஸ்ட்டை 4 மீட்டர் உயர்த்துங்கள்.

இனி கலப்புக்கு வருவோம். ஒன்று போனால் இன்னொன்றுக்கு மாறு என்று ரவுட்டரில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. கேமராவுக்கு அது சரி. அலாரத்துக்குச் சரியில்லை. முதல் பாதை செத்துவிட்டது என்று ரவுட்டர் நம்புவதற்கே நேரம் பிடிக்கும், பாதி உயிரோடு இருக்கும் லிங்க் என்றால் நம்பவே நம்பாது. அலாரத்தை மெஷ் வழியாகவும் சிம் வழியாகவும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள், ஒரே வரிசை எண்ணோடு. எது முந்தி வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு பிந்தியதைக் கன்ட்ரோல் ரூமில் தூக்கிப் போடலாம். நூறு பைட் சங்கதியை இரண்டு தடவை அனுப்புவதில் என்ன செலவு?

ஸ்டேஷனை இயக்கும் சின்னக் கணினியான பிஎல்சியில் அலாரத்தைக் கேட்காமலே சொல்லும்படி மாற்றுங்கள். ஃப்ளோ மீட்டர் வரிசையும் ஸ்டேஷன் வரிசையும் தனித்தனியாக ஓடட்டும்.


பழைய வயர்லெஸ் எழுதியது:

தம்பி, நான் ஓய்வு பெற்றவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் இருந்து விஹெச்எஃப் வயர்லெஸ் செட்டோடு வாழ்ந்தவன். உங்கள் பேச்சில் பாதி புதிது, ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். அலாரம் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிணற்றில் இறங்கப் போகிறவர் நாலாவது ஸ்டேஷனில் நிற்கிறார். அவருக்கு யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

கேஸ் டிடெக்டரில் இருந்து நேர் வயர் போட்டு, கிணற்று வாயிலேயே சைரனும் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறீர்களா? நடுவில் கம்ப்யூட்டர் வேண்டாம், ரேடியோ வேண்டாம், கரண்ட் போனாலும் பேட்டரியில் அடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். ரேடியோ என்பது உதவிக்கு ஆள் கூப்பிடத்தான். அருகில் நிற்பவனைக் காப்பாற்றுவது அந்தச் சைரன்தான்.

இரண்டாவது, எங்கள் காலத்தில் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்டேஷனும் கூப்பிட்டு "நலம்" என்று சொல்ல வேண்டும். கூப்பிடாவிட்டால் உடனே ஜீப் கிளம்பும். சத்தம் வராததையே அலாரமாக எடுத்துக்கொள்வோம். உங்கள் ஸ்டேஷனும் 30 நொடிக்கு ஒருமுறை இருக்கிறேன் என்று சொல்லட்டும், மூன்று முறை தவறினால் அதையும் கேஸ் அலாரம் போலவே மணியடிக்க வையுங்கள். திரையில் சிவப்புக் கோடு தினமும் பார்த்துப் பழகினால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், அது யாருடைய குற்றமும் இல்லை.

பேச்சுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? செல்ஃபோன் மட்டும்தானா? லைசென்ஸ் வாங்கி நாலு விஹெச்எஃப் வாக்கி-டாக்கி செட் வைத்தால் டவர் செத்த நாளிலும் ஒரு ஸ்டேஷனில் இருந்து இன்னொன்றுக்குக் கூப்பிடலாம். அதுவும் லைசென்ஸ் அலைவரிசைதானே.


பாலாற்றங்கரை எழுதியது:

அய்யா, நேர் வயர் சைரன் இரண்டு ஸ்டேஷனில்தான் இருக்கிறது. மூன்றில் இல்லை. நாலாவது அந்த மூன்றில் ஒன்று. உங்கள் பதிவைப் படித்த அன்று மதியமே ஸ்டோரில் இருந்து சைரன், பேட்டரி, ரிலே எடுத்து நாலாவதில் மாட்டிவிட்டோம், மிச்சம் இரண்டும் இந்த வாரம் முடிந்துவிடும். சோதனைக்கு வாயு விட்டுப் பார்த்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பார்த்தார், அவ்வளவு சத்தம்.

மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிக் கொடுத்தது இது. கேமரா 5 கிகாஹெர்ட்ஸ் மெஷ்ஷில் மட்டும், அதற்காக மாஸ்ட் உயர்த்தி இரண்டாவது ரேடியோ. ஃப்ளோ மீட்டர்கள் லோராவுக்கு, மூன்று சேனல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, போகாதது மீட்டரிலேயே சேர்ந்திருக்கும். கேஸ் அலாரமும் "இருக்கிறேன்" சமிக்ஞையும் மெஷ்ஷிலும் சிம்மிலும் ஒன்றாக. விஹெச்எஃப் லைசென்ஸுக்கு விண்ணப்பம் தனியாக. கொட்டேஷன் கம்பெனியிடம் அலைவரிசை யாருடையது என்று கேட்டு மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்லை.

1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இந்தப் பக்கத்து டேனரிகளுக்கு சுத்திகரிப்பு தப்பிக்க முடியாத கட்டாயம் ஆனது. ஆற்றையும் குடிதண்ணீரையும் காப்பாற்ற வந்த ஏற்பாடு இது, இதில் வேலை செய்கிறவர் ஒருவர் கிணற்றுக்குள் போய்விடக்கூடாது என்பதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

டவரைப் பற்றி ரிலே சொன்னது மெய்தான். இரண்டு ஆபரேட்டரும் மூன்றாவது ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் ஒரே டவரில்தான் இருக்கிறார்கள். ஒன்றாவது, ஐந்தாவது ஸ்டேஷனில் இருந்து பிடித்தால் வேறு டவர் கிடைக்கிறது. அதனால் சிம் மோடத்தை அந்த இரண்டு கோடியிலும் வைத்து, நடு ஸ்டேஷன்கள் மெஷ் வழியாக எந்தக் கோடிக்கு வேண்டுமானாலும் போகும்படி செய்யலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் நாலாவதில் மெஷ் செத்தால் அது தனியாகிவிடுமே?


காட்பாடி கோபுரம் எழுதியது:

நாலாவதில் மட்டும் சிம் மோடமும் வையுங்கள், ஆண்டெனாவை ஐந்தாவது பக்கத்து டவரைப் பார்த்துத் திருப்பி, திசை ஆண்டெனாவாகப் போட்டால் பிடிக்கும். கோடி இரண்டும் நாலாவதும், மொத்தம் மூன்று மோடம், ஆறு சிம். ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்பூர் பக்கம் வருகிறேன், மீட்டர் கொண்டு வருகிறேன், மாஸ்ட் ஏற பெல்ட் இரண்டு எடுத்து வையுங்கள்.


பாலாற்றங்கரை எழுதியது:

பெல்ட் இருக்கிறது அண்ணா. காலையில் ஏழு மணிக்கு வாருங்கள், பத்துக்கு மேல் அந்த இரும்பைத் தொட முடியாது.